பின்னால நில்லு

பள்ளிக்கூட மைதானத்துக்குள் என்னை முதல்முதலாக விட்டபோது பி.டி. வாத்தியார் சொன்னது இதுதான். "பின்னால நில்லு. எவன் வந்தாலும் இடி." எனக்குப் பதிமூன்று வயது. எங்கள் வளவிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் ஆறு பேர். அதில் நாலு பேர் பந்து ஆடினோம். நாலு பேருமே பேக். முன்னால் நின்று கோல் அடிக்கிற இடம் யாருக்கென்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஊரில் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையை எழுதியா வைத்திருக்கிறார்கள்?

"உங்காளுகளுக்கு ஒடம்புல வலு ஜாஸ்தி" என்பார் வாத்தியார். அதைப் பாராட்டு என்றே பத்து வருசம் நம்பிக்கொண்டிருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்து, அம்பேத்கரைப் படித்து, தோழர்களோடு ஊர் ஊராய் அலைந்த பிறகுதான் அந்த வார்த்தையின் மறுபக்கம் தெரிந்தது. மூளை அவர்களுக்கு, முட்டி எங்களுக்கு.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்டாப்பராக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. எதிரில் வருகிறவனின் காலைப் பார்த்தால் ஏமாந்து போவோம். கண்ணைப் பார்த்தாலும் ஏமாற்றுவான். இடுப்பைப் பார்க்கணும். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் அவன் போயாகணும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. ஊர்ப் பையன் எங்கள் தோளோடு தோள் மோதுகிற ஒரே இடம் அதுதான். அந்த ஒரு மணி நேரம் அவன் வியர்வை என் மேல், என் வியர்வை அவன் மேல். விசில் ஊதியதும் அவனுக்குச் சொம்பு, எங்களுக்குக் கை.

பந்து பிய்ந்தால் மட்டும் வாத்தியாருக்கு எங்கள் வீட்டு வழி தெரியும். எங்க அப்பாரு, கவலை இறைத்த காலத்தில் பறிக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். கவலை போய் மோட்டார் வந்ததும் செருப்புத் தைக்க உட்கார்ந்தவர். பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார். "இது தோலே இல்ல கண்ணு, ரெக்சினு" என்று சலித்துக்கொண்டே குத்தூசியை எடுப்பார். காசு வாங்கமாட்டார். கேட்டாலும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விசயம். செத்த மாட்டைத் தொட்டதற்காகத் தீட்டானவர் தைத்த பந்தை எல்லாச் சாதிக்காரனும் நெஞ்சில் வாங்கினான், நெற்றியால் முட்டினான். 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து ஜலந்தருக்கு வந்த பந்துத் தொழிலிலும் இதே கதைதான். அங்கே வீட்டு வாசலில் உட்கார்ந்து 32 துண்டுகளைக் கோத்துத் தைத்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள்.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணிக்கு அப்போது கோவைதான் சொந்த மைதானம். ஐ-லீக் கடைசி ஆட்டம், எதிரில் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே கோட்டைவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். அக்கா மகனுக்குப் பத்து வயது, அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். சிங்கப்பூர்க் கோச் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், நம்ம எட்வின் வான்ஸ்பால் என்று பேசப்பட வேண்டியவர்கள் அந்த அணியில் பலர். அன்றைக்கு ஜெயிக்க வைத்தது அவர்கள் யாருமில்லை. அசாமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன், கௌரவ் போரா. டிஃபென்டர். பின்னால் நிற்க வேண்டியவன் மேலே ஏறிப்போய் ஒரு கோல் போட்டான். ஆட்டம் முடிகிற நேரத்தில் இன்னொன்று. 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43 புள்ளிக்கு 42. ஒரே ஒரு புள்ளி.

அவன் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. கொங்குநாட்டில் ஒருத்தன் சாதியைத் தெரிந்துகொள்ள "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று நாலு சுற்றுச் சுற்றி விசாரிக்கிற கூட்டத்துக்கு நடுவில், பேர் தெரிந்தால் போதும் என்று ஒரு பையனுக்காகத் தொண்டை கட்டக் கத்தியது அன்றைக்குத்தான்.

அந்த இரவிலிருந்து மாப்பிள்ளைக்கு வேறு பேச்சில்லை. இப்போது பதினாறு முடிந்துவிட்டது. என்னைவிட உயரம். ஸ்டாப்பர்தான். சென்னையில் ஒரு அணி செலக்சனுக்குக் கூப்பிட்டிருக்கிறது.

அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிகாலை நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள். "ஏந் தம்பி, நீ படிச்சவன். இத நம்பி அனுப்பலாமா? சொல்லு" என்றாள்.

என்ன சொல்ல? கோப்பை வாங்கிய அந்த அணி 2021க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. எட்வின் அதே 2019இல் சென்னையின் அணிக்குப் போனார், போரா ஒடிசாவுக்குப் போனான். அவர்களுக்குக் கதவு திறந்தது. கூட ஆடியவர்கள் எல்லாருக்கும் திறந்ததா? 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நடத்திவந்த கம்பெனி அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தையே நிறுத்தியது. நாட்டிலேயே பெரிய அணிகளில் ஒன்றின் நிலைமை இது. ஒப்பந்தம் என்றால் என்ன என்று அக்காவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முட்டி பிசகினால் பையன் வீட்டுக்கு வருவான். கையில் பத்தாவது மார்க் சீட்டு மட்டும் இருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசியைப் புடைத்தாள். "எம்பட வேலைக்கு வந்தா மட்டும் முட்டி நோகாதாக்கும்?" என்றாள். அனுப்பலாம் என்று சொன்னதாக அதை எடுத்துக்கொள்வதா, தெரியவில்லை.

ராத்திரி அவன் பூட்ஸை எடுத்துவந்தான். அடி பிளந்திருந்தது. அப்பாரு செத்து ஒன்பது வருசம். அவர் குத்தூசி தகரப்பெட்டியில் கிடந்தது. எனக்குத் தைக்க வராது. சின்ன வயதில் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான். தமிழ் எம்.ஏ. அந்த இடத்தில் உதவவில்லை. அக்காதான் வாங்கி, மெழுகு நூலைக் கோத்து, தைத்தாள்.

"அங்க போயி எந்த எடத்துல ஆடறேன்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"ஸ்டாப்பர்னுதான் மாமா சொல்லுவேன். கார்னர் வந்தா நான் மேல போயிருவேன், அதையுஞ் சொல்லீருவேன்."

சேரன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் ஒன்றுதான் எடுத்திருந்தோம். அக்கா தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கிவிட்டு, "நானும் டேசன் வரைக்கும் வாறேன்" என்று புடவையை மாற்றப் போனாள்.