கடுகளவு ஆணியும் கட்டணமும்

மூக்குக் கண்ணாடியின் காதைச் சட்டத்தோடு பிணைத்து நிற்கும் ஆணி கடுகிலும் சற்றே பெரியது. கழன்று விழுந்தால் அதைத் தேடிக் காண்பதற்கே கண்ணாடி வேண்டும். அந்த ஆணியை மாட்டிக் கொடுப்பதற்கும், வளைந்த காதை நிமிர்த்துவதற்கும், மூக்கில் அமரும் தாங்கியை மாற்றுவதற்கும் கண்ணாடிக் கடைக்காரர் காசு வாங்கலாமா, கூடாதா? உலகம் பெரும் பிரச்சினைகளில் உழலும்போது இதையும் ஒரு பிரச்சினையென எழுத வந்தீரோ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். வன்னியில் கரும்பலகையின் முன் நிற்கும் நாம் நகைப்பதற்கில்லை.

எமது பாடசாலையில் கண்ணாடி அணியும் மாணாக்கர் சிலரே. அச்சிலரிலும் காதைக் கறுப்பு நூலால் கட்டியவர் உளர். ஆணிக்குப் பதிலாகக் குண்டூசியை வளைத்துச் செருகியவர் உளர். முற்றாக உடைந்துவிடுமோ என்றஞ்சிக் கண்ணாடியைப் புத்தகப் பையினுள்ளேயே வைத்திருப்பவரும் உளர். இறுதியிற் சொன்னவர்களை ஆசிரியர் பலர் "படிப்பில் கவனமில்லாதவர்" என்ற பட்டியலிற் சேர்த்துவிடுகின்றனர்.

கண்ணாடி என்பது வில்லை மாத்திரமன்று. அது கண்ணின் முன் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கின்றது என்பதும் வைத்தியர் எழுதிய அளவில் அடங்கும். கிட்டப்பார்வையுள்ள பிள்ளையின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுகினால் வில்லையின் வலு குறைந்ததற்கு ஒப்பாகும். உருளை வில்லையின் நிலை இன்னும் மோசம். வட்டச் சட்டத்தின் ஆணி தளர்ந்து வில்லை 10 பாகை சுழன்றாற் போதும், திருத்தத்தில் மூன்றிலொரு பங்கு வீணாகும்; 30 பாகை சுழன்றால் அந்தத் திருத்தத்தால் ஒரு பயனுமில்லை. ஆகவே சரிசெய்தல் என்பது விற்பனைக்குப் பின் கடைக்காரர் காட்டும் உபசாரமன்று. சரிசெய்யாத கண்ணாடி முடிவுறாத பண்டம்.

இனித் தூரத்தைப் பார்ப்போம். கண்ணாடிக் கடைகள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஏ-9 வீதியை ஒட்டிய நகரப் பகுதிகளிலேயே பெரும்பாலும் உள்ளன. துணுக்காய்ப் பகுதியின் உட்கிராமமொன்றிலிருந்தோ, ஒட்டுசுட்டானுக்கு அப்பாலிருந்தோ ஒரு தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. ஆணியின் விலையைப் பற்றி விவாதிப்போர் இந்தக் கூலியைக் கணக்கிற் சேர்ப்பதேயில்லை.

அவ்வாறு சென்றவரிடம் கடையிற் கேட்கப்படும் முதற் கேள்வி என்ன? "இது எங்களிட்டை வாங்கினதோ?" என்பதே. எமது மாணவி ஒருத்தியின் தாய் எம்மிடம் சொன்னார்: "சேர், இது ஆரோ குடுத்த கண்ணாடி. அங்கை போய் என்னெண்டு சொல்லிக் கேக்கிறது? வெக்கமாக் கிடக்கு." இந்த வெட்கத்திலேதான் முழு விவகாரமும் அடங்கியிருக்கின்றது. 2009இல் உடைமைகளை வழியெங்கும் விட்டுவிட்டு நந்திக்கடலைக் கடந்து வந்தவர்களும், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களும் நிறைந்த மண் இது. கொடையாளர் நடத்தும் கண் முகாம்களிற் கண்ணாடி பெற்றவர் இங்கு ஏராளம். முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். பதாகையும் படமும் எடுத்துக்கொண்டு அன்பர்கள் போய்விடுவர். அதன்பின் அந்தக் கண்ணாடிக்கு "வாங்கின கடை" என்று ஒன்று கிடையாது. "எம்மிடம் வாங்கியவர்க்குத் திருத்தம் இலவசம்" என்னும் விதி, முழு விலை கொடுக்க வல்லவனுக்கு இலவசத்தையும் வறியவனுக்குக் கட்டணத்தையும் வகுத்துவிடுகின்றது. என்னே இந்த நீதி!

கடையின் பக்கத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாகாது. மேசைக்குப் பின்னால் குறடு பிடித்திருக்கும் இளைஞன் முதலாளியல்லன். மாதச் சம்பளத்துக்கு நிற்பவன். உக்கிப்போன பழைய சட்டத்தைச் சூடாக்கி வளைக்கையில் அது முறிந்தால் வாடிக்கையாளரின் ஏச்சும் அவனுக்கே, முதலாளியின் ஏச்சும் அவனுக்கே. அத்தகையோர் ஒருவர், நாளில் பாதி நேரம் காசில்லாத வேலையிலேயே கழிகிறதென்றும், மாத முடிவில் விற்பனைக் கணக்கை மட்டுமே முதலாளி பார்க்கிறாரென்றும் எம்மிடம் குறைப்பட்டார். "இலவச சேவை" என்று கண்ணாடிக் கதவில் ஒட்டுபவர் ஒருவர். அந்தச் சேவையைச் செய்பவர் இன்னொருவர். அதன் செலவோ புதுச் சட்டத்தின் விலைக்குள் முன்னரே புகுத்தப்பட்டிருக்கின்றது.

"அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் காசு வாங்குவார்களா?" என்று பெருமூச்செறியும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட பகுதிக் கிராமங்களில் முன்னாளிற் கொல்லர் கலப்பைக் கொழுவை அடித்தும் மண்வெட்டியைத் தீட்டியும் கொடுத்தபோது வேலைக்கு வேலை காசு பெற்றதில்லை என்பது உண்மை. அறுவடையின்போது நெல் அளந்து கொடுக்கப்பட்டது. ஆயின் அது சாதிக் கட்டுமானத்துள் அமைந்த ஏற்பாடு. தொழிலாளி தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல இயலாத ஏற்பாடு. அந்த 'இலவசத்தை' நாம் மீட்டெடுக்க வேண்டியதில்லை. உழைப்புக்கு வெளிப்படையாகக் கூலி கேட்பது அதனிலும் மேலான நிலையே.

அப்படியானால் ஒரு சிறு தொகையை வாங்கிவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். சிறு தொகை என்பதனாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. இடதுசாரிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி ஆட்சியில், 1971இல் அரசாங்க வைத்தியசாலை வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை புகுந்தது. வெறும் 25 சதந்தான். எனினும் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அது கைவிடப்பட்டது. நமது முகாமைச் சேர்ந்தோரே செய்த காரியமாகையால் இதை நாம் அதிகம் பேசுவதில்லை. இங்கிலாந்திலோ கண்ணாடியே அரசியலைக் குலுக்கியது. 1948இல் அங்கு தொடங்கிய தேசிய சுகாதார சேவை கண்ணாடியையும் செயற்கைப் பல்லையும் இலவசமாக வழங்கிற்று. கொரிய யுத்தத்தையொட்டிய ஆயுதச் செலவுக்காக 1951இல் தொழிற்கட்சி அரசே அவற்றின் விலையில் ஒரு பங்கை நோயாளர்மேற் சுமத்த முனைந்தபோது, அச்சேவையை நிறுவிய அனியூரின் பெவன் அமைச்சுப் பதவியைத் துறந்து வெளியேறினார். அங்கு இன்று வளர்ந்தோர் பெரும்பாலும் பணம் கொடுத்தே கண்ணாடி வாங்குகின்றனர். ஆயினும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கண்ணாடி உடைந்தால் திருத்தும் செலவுக்கு அரசு பற்றுச்சீட்டு வழங்குகின்றது. கடைக்காரருக்கு அவரது கூலி, பிள்ளைக்கு அதன் பார்வை: இரண்டும் கிடைக்கின்றன. யாரும் யாரிடமும் கையேந்தவில்லை.

எமது கருத்து இதுவே. புதிய ஆணி, தாங்கி, பற்றவைப்பு ஆகியவற்றுக்குக் கடைக்காரர் காசு வாங்கட்டும். விலையைச் சுவரில் எழுதிவைக்கட்டும். வெறுங்கையாலும் குறடாலும் இரண்டு நிமிடத்தில் செய்யும் சரிசெய்தலை, எங்கு வாங்கிய கண்ணாடியாயினும் கேள்வியின்றிச் செய்யட்டும். பாடசாலைப் பிள்ளைகளைப் பொறுத்தமட்டிலோ கடையை நம்பியிருப்பதே தவறு. சுகாதாரத் துறையினர் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு வருகின்றனர். எழுத்துப் பலகையைத் தொங்கவிட்டுப் பார்வையைச் சோதிக்கின்றனர். குறை கண்டால் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகின்றனர். கண்ணாடி முகத்தில் ஏறியபின் அது அங்கே நிற்கிறதா என்று பார்ப்பார் எவருமிலர். அந்தப் பரிசோதனை நாளிற் பயிற்சி பெற்ற ஒருவர் சிறு பெட்டியோடு உடன் வந்தால், நூலும் குண்டூசியும் அன்றே கழன்றுவிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலும் கண் சிகிச்சை நாட்களில் இதற்கென ஒரு மேசை இடலாம். முகாம் நடத்தும் கொடையாளரும், கொடுத்த கண்ணாடிகளைப் பார்க்க ஆறு மாதத்தின் பின் ஒரு நாள் திரும்பி வருவதாக உறுதி கூறிய பின்னரே பதாகையைக் கட்டட்டும்.

இதற்கிடையில் ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்புக்களில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும்: கண்ணாடி எழுதிக் கொடுக்கப்பட்டவர் எத்தனை பேர், அதை இன்று அணிந்திருப்பவர் எத்தனை பேர், பையினுள் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று. எமது பாடசாலையில் அக்கணக்கை எடுத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துள்ளோம்.