சிங்கப்பூரில் நான்கு நாட்கள் கிடைத்தால்

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம்மவர்களிடம் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். வாயிலிருந்து நீர் கொட்டும் சிங்கச் சிலை, செந்தோசாத் தீவு, முஸ்தபாவில் வாங்கிய பொருட்கள். இவற்றில் குற்றமேதுமில்லை. ஆனால் அந்நகரின் மனிதர்களை இவர்கள் காணாமலே வந்துவிடுகிறார்கள். சீனரும் மலாயரும் இந்தியரும் ஒரு சிறிய தீவில் எவ்வாறு அடுத்தடுத்து வாழ்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்காகவே அங்கு போகலாம் என்பது என் அபிப்பிராயம். இலங்கையிலிருந்து போகும் ஒருவருக்கு அது வெறும் வேடிக்கையல்ல. போகவிருக்கும் அன்பர்களுக்காக என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, ஹோட்டலில் காலை உணவு உண்ணாதீர்கள். அருகிலுள்ள உணவங்காடி நிலையத்துக்கு நடந்து செல்லுங்கள். தேக்கா, மெக்ஸ்வெல், தியோங் பாரு என்று ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று உண்டு. இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வெறும் மேசையில் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொதி கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல. அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்பது அதன் பொருள். உண்டு முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021 முதல் இது கட்டாயம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் உணவுக்கென்று தனிப் பகுதி இருப்பதைக் கவனியுங்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் பன்றி இறைச்சி உண்பவரும் அதை விலக்கியவரும் அருகருகே அமர்ந்து உண்ண முடிவது இத்தகைய சிறிய ஏற்பாடுகளால்தான்.

இரண்டாவது, கோப்பி கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். நாம் ஊரில் சொல்வதுபோலவே அங்கும் அது கோப்பிதான். வெறுமனே கோப்பி என்றால் இனிப்பான ரின்பால் ஊற்றித் தருவார்கள். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. அதனுடன் ‘கோசோங்’ என்ற சொல்லைச் சேர்த்தால் சீனியும் இல்லை. ‘ஓ’ என்பது ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. ‘கோசோங்’ என்பது மலாயில் வெறுமை. சீனி போடாத ஒரு கோப்பைக் கோப்பிக்கு இரண்டு இனத்தாரின் மொழி வேண்டியிருக்கிறது. கடைக்காரர் சீனராயினும் இந்தியராயினும் இச்சொற்கள் மாறுவதில்லை.

மூன்றாவது, தெலுக் ஆயர் வீதியில் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1820களின் இறுதியில் கட்டத் தொடங்கிய தர்கா, கடல் தெய்வத்துக்குச் சீனர் எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயம், அதைக் கடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல் என்று மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முன்னாளில் இவ்வீதி கடற்கரையாக இருந்தது. கடலைக் கடந்து உயிருடன் வந்து சேர்ந்தவர்கள் கரையேறிய இடத்திலேயே நன்றி சொன்னார்கள். பின்னர் கடலை நிரப்பி நிலமாக்கிவிட்டதால் இன்று அலையோசை அங்கு கேட்பதில்லை. எமது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலும் அதே ஆண்டகையின் பெயரால் கொடியேற்றம் நடைபெறுவதை அறிந்தவர்களுக்கு அந்தத் தர்கா அந்நியமாகத் தோன்றாது. அங்கிருந்து வாட்டர்லூ வீதிக்குச் சென்றால், குவான் இம் ஆலயத்துக்கு வரும் சீனர்கள் பக்கத்திலுள்ள கிருஷ்ணன் கோவிலிலும் ஊதுபத்தி ஏந்தி வணங்குவதைக் காணலாம்.

நான்காவது, சுற்றுலா பஸ்ஸை விட்டுவிட்டு எம்.ஆர்.டி. ரயிலில் ஏறி ஏதேனும் ஒரு குடியிருப்புப் பேட்டையில் இறங்குங்கள். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்வது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான். ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்தார் இத்தனை விகிதத்துக்கு மேற்படக்கூடாது என்று 1989 முதல் விதி உண்டு. கட்டடங்களின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு நாள் மலாயர் திருமணம் நடக்கும். இன்னொரு நாள் சீனரின் இறுதிச் சடங்கு நடக்கும். விரும்பியவருக்கு வீட்டை விற்க முடியாத சிறுபான்மையினர் இவ்விதியால் நட்டப்படுவதும் உண்டு. இணக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர் யார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வியே.

ரயில் நிலையத்து அறிவித்தல்களில் ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றுடன் தமிழும் இருக்கும். நான்கும் அங்கு அரசகரும மொழிகள். தமிழர் அங்கு ஒரு சிறு தொகையினரே. 1956இல் தமிழை ஒதுக்கிச் சட்டம் இயற்றி, 1987வரை அதற்கு அரசகரும மொழி என்ற பெயரைக்கூட அளிக்காத நாட்டிலிருந்து வருபவர் அந்தப் பலகைகளின் முன் சற்று நின்றே போவார். ஆயினும் பலகையை மட்டும் பார்த்து மயங்கிவிடவேண்டாம். அங்குள்ள இந்தியரின் வீடுகளில் இன்று ஆங்கிலமே மேலோங்கியிருக்கிறது. உரத்த, உயிருள்ள தமிழைக் கேட்கவேண்டுமானால் ஞாயிறு மாலை சிராங்கூன் வீதிக்குச் செல்லுங்கள். கட்டடங்களை எழுப்பும் தமிழகத் தொழிலாளர்கள் தங்கள் ஒரே ஓய்வு நாளில் அங்குதான் கூடுகிறார்கள். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழில் ஒரு பிரதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காத்தோங் பகுதியில் சிலோன் வீதி என்றே ஒரு வீதி உண்டு. அங்குள்ள செண்பக விநாயகர் கோவில் யாழ்ப்பாணத்தவர் வளர்த்தெடுத்தது. வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, பத்திரிகையாளராக இருந்து, 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சரானவர் எஸ். இராஜரத்தினம். இன, மொழி, மத பேதமின்றி ஒரே மக்களாக வாழ்வோம் என்று அந்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் எடுக்கும் உறுதிமொழியை 1966இல் எழுதியவரும் அவரே.

அங்கும் இரத்தம் சிந்தியிருக்கிறது. 1964 ஜூலை 21ஆம் திகதி, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் மலாயரும் சீனரும் மடிந்தனர். அந்த நாளையே இன்று பாடசாலைகள் இன நல்லிணக்க நாளாக அனுஷ்டிக்கின்றன. எமக்கும் ஒரு ஜூலை உண்டு. 1983இன் அந்த ஜூலையை எமது பாடசாலைகள் எதுவாக அனுஷ்டிக்கின்றன? முடிந்தால் ஜூலை மாதத்தில் சிங்கப்பூர் செல்லுங்கள். அந்நாளில் பிள்ளைகள் பல இனத்தாரின் உடைகளை அணிந்து பாடசாலை செல்வதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.