மூன்றாவது பின்



கோரிமேட்டில் நம் ஆராதனைக்கு வருகிறவர்களில், ஜிப்மர் மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு ஜெபிக்க இடம் தேடி வருகிறவர்களும் உண்டு. அமைதியை நாடி வந்த அவர்கள் சில மாதங்களாகக் கேட்டது, ஒலிபெருக்கியின் ஓயாத இரைச்சலைத்தான். மௌன ஜெப வேளையில் அது இன்னும் உரக்கக் கேட்கும். அதைப் போக்க நாங்கள் செய்த தவற்றை உங்களிடம் அறிக்கையிடவே இவ்வாரம் எழுதுகிறேன்.

“எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும், ஐயா” என்றார் ஒலியமைப்பைக் கவனிக்கும் சகோதரர். நான் தலையசைத்தேன். மேடையிலிருந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கிலிருந்து மூன்றாவது பின் நீக்கப்பட்டது. இரைச்சல் அந்த நொடியே நின்றது. ஸ்தோத்திரம் சொன்னோம்.

சில வாரங்களுக்குப் பின், மழை பெய்த ஒரு மாலையில் பாடல் பயிற்சி நடந்தது. கிட்டார் வாசிக்கும் தம்பி, கம்பிகளில் கை வைத்தபடியே மைக்கருகே குனிந்தான். உதடு பட்டதும் அலறிப் பின்வாங்கினான். உயிருக்குச் சேதமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. தலையசைத்தவன் நான் அல்லவா?

எலக்ட்ரீஷியனாகிய சபையார் ஒருவர் மறுநாள் விளக்கினார். நம் மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 முறை அலைவது. மேடை ஆம்ப்ளிஃபயர் ஒரு பிளக் பாயிண்டிலும், பின்புறமுள்ள ஒலி மிக்ஸர் வேறொன்றிலும் செருகப்பட்டிருந்தன. இரண்டின் எர்த்தும் சுவர் வயரிங்கில் ஒருமுறையும், ஒலிக்கேபிளின் உலோக உறை வழியாக மறுமுறையும் இணைந்து வளையமாகியிருந்தன. அவ்வளையத்தில் ஓடிய சிறு மின்னோட்டமே பெருகி இரைச்சலாகக் கேட்டது.

பின்னை நீக்கியதும் வளையம் அறுந்தது, சத்தம் நின்றது. ஆனால் அதன்பின் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் கிடைக்க மெல்லிய ஒலிக்கேபிள் ஒன்றே வழியாயிருந்தது. அன்று மாலை அதுவும் கழற்றப்பட்டிருந்தது. ஆகவே உலோகப் பெட்டியில் கசிந்த மின்சாரம் கிட்டார் கம்பிக்கு வந்து, அவன் கை வழியே உதட்டுக்கு ஏறி, மைக் மூலமாக மிக்ஸரின் எர்த்தை அடைந்தது. கசிவு சிறிதாயிருந்ததால் பிழைத்தான். உள்ளே ஒரு வயர் அறுந்து பெட்டியைத் தொட்டிருந்தால் 230 வோல்ட்டும் அவன்மேல் பாய்ந்திருக்கும்.

இது வெறும் அச்சமன்று. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மாண்டார். 2005 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வேக்கோ நகரில் கைல் லேக் என்னும் 33 வயதுப் போதகர், ஞானஸ்நானத் தொட்டியின் நீரில் நின்றபடி மைக்கைப் பற்றுகையில் மின்சாரம் தாக்கி இறந்தார். அவருடைய பிளக்கில் யாரும் பின்னை நீக்கியதாக நான் சொல்லவில்லை. ஆனால் மின்சாரத்துக்கு மனித உடல் வழியாகும்போது என்ன நேரும் என்பதற்கு அம்மரணம் சாட்சி.

நாங்கள் முதலில் மூன்று பின்னுள்ள புதிய பிளக்கைப் பொருத்தினோம். மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம் கொடுத்தோம். இடையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வைத்தோம், அதிலுள்ள ‘லிஃப்ட்’ சுவிட்ச் ஒலிக்கேபிளின் எர்த்தை மட்டுமே துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. மைக் கேபிள்களை மின்வயர்களிலிருந்து விலக்கினோம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தப்பட்டது. இரைச்சல் மறுபடியும் நின்றது. இம்முறை மூன்று பின்களோடும்.

பிரியமானவர்களே, அந்த மூன்றாவது பின்னைப் பாருங்கள். மற்ற இரண்டைவிட நீளமானது. செருகும்போது முதலில் தொடுவதும், உருவும்போது கடைசியாக விலகுவதும் அதுவே. அன்றாடம் அதற்கு வேலையே இல்லை என்று தோன்றும். பழுது நேரும் நாளிலோ, நம்மேல் வரவேண்டியதை அது ஏற்றுக்கொள்ளும்.

வீட்டு ஜெபக் கூட்டத்திலோ தெருமுனைக் கூட்டத்திலோ பின் உடைந்த பிளக்கைக் கண்டால் பேசாமல் இராதீர்கள். இரைச்சலோடு ஒரு ஞாயிறு ஆராதிப்பதில் குறைவொன்றுமில்லை. சத்தம் நின்றது போதும் என்று போதகர் தலையசைத்தால், அவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக.