விறகுக் கணக்கு

ஜூன் 4
வண்டியிலிருந்து விழுந்து இன்றோடு ஐந்து நாள். வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் ஊன்றக் கூடாதாம். அக்கா மகன் லேப்டாப்பில் ‘நார்த்கார்டு’ ஏற்றிக் கொடுத்தான். வைக்கிங்குகள் புதுக் கரையில் குடியேறும் விளையாட்டு. “மாமா, சண்டைக்கு அவசரப்படாதீங்க. முதல்ல சோத்தையும் விறகையும் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினான்.

ஜூன் 5
முதல் குளிர்காலத்திலேயே என் ஊர் பட்டினி.

ஜூன் 8
தூக்கம் வரவில்லை. விடியும்வரை மூன்று ஆட்டம். இப்போதுதான் பிடிபடுகிறது. பனி இறங்கியதும் உணவு வரத்து சரிகிறது, விறகுச் செலவு ஏறுகிறது. கையில் இருப்பதோ ஏழெட்டுப் பேர். ஒருவனை மரம் வெட்ட அனுப்பினால் சோற்றுக்கு ஒரு கை குறையும். வேலை கொடுக்காத ஆள்கூடச் சும்மா இருப்பதில்லை, தானே போய் உணவு சேர்க்கிறான். பக்கத்து நிலத்தைச் சேர்த்துக்கொள்ள உணவைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும். நிலம் கூடக் கூட விலையும் கூடும். ஒரு நிலத்தில் இத்தனை கட்டடம்தான் என்று வரம்பு வேறு. வயலா, வீடா, விறகுவெட்டிக் குடிசையா? இதற்கே கால் மணி நேரம் யோசித்தேன்.

கல்லூரி நாளில் ஆடிய ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ஸில் ஆட்களைக் குவித்துக்கொண்டே போகலாம், ஒருவன் செத்தால் கண்ணில் படாது. இங்கே ஓநாய் ஒருவனை அடித்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க வலிக்கிறது. வைக்கிங் என்றாலே கோடரியும் கொள்ளையும்தான் காட்டுவார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் உழுது பிழைத்தவர்கள். 2018இல் இதை முழுதாக வெளியிட்ட பிரான்சின் ஷிரோ கேம்ஸ்காரர்கள் அதை மறக்கவில்லை. மனசார மெச்சுகிறேன்.

ஜூன் 9
வலி.

ஜூன் 14
குறைகளையும் எழுதிவைக்க வேண்டும். சண்டை சப்பென்று இருக்கிறது. படையை அனுப்பிவிட்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அணிவகுக்க வழியில்லை, பெரும்பாலும் ஆள் பலம் உள்ளவனே ஜெயிக்கிறான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலப்படம் மாறுவது நல்லதுதான். ஆனால் தொடங்கும் இடத்தைச் சுற்றி வளமான மண் அமையாவிட்டால் அந்த ஆட்டம் முழுக்க மூச்சுத் திணறல்தான்.

எனக்குக் கோபம் வந்தது கதைப்பகுதியில். ரிக் என்பவனின் அப்பாவைக் கொன்று, அவருடைய கொம்பைத் திருடிப் போகிறார்கள். அந்தப் பிள்ளை அழ ஒரு நிமிஷம் தருவதில்லை. அடுத்த உத்தரவு வந்துவிடுகிறது.

ஜூன் 15
காயம்பட்டவர்களுக்காக ஒருவனை வைத்தியனாக்கினேன். அவர்கள் தேறினார்கள். ஆனால் வைத்தியன் ஒரு கவளம்கூடக் கொண்டுவருவதில்லை, சாப்பிட மட்டும் வேண்டும். பனிக்கு முன்னால் கையிருப்பு சரிந்துகொண்டே வந்தது.

அப்போது மாடிப்படியில் சத்தம். மனைவி இருபது லிட்டர் தண்ணீர் கேனை ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“கேன் போடுற பையன் வரட்டுமே.”

“அவன் ஏழு மணிக்குத்தான் வருவான். உங்களுக்கு மாத்திரை போடத் தண்ணி வேணாமா?”

உள்ளங்கையில் கைப்பிடி பதிந்த சிவப்புக் கோடு. இந்த வாரம் மூன்றாம் நாளாக லீவு. இனிமேல் எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். நாளையிலிருந்து போ என்றேன். பதில் சொல்லாமல் மாத்திரையை உரித்துக் கொடுத்தாள்.

வைத்தியனை வயலுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 16
அவள் குளிக்கப் போன நேரத்தில் சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தேன். முடியவில்லை.

ஜூன் 23
முதல் வெற்றி. கத்தி எடுக்காமல், அறிவு சேர்த்து வரும் வெற்றி. ஜெயிப்பது உறுதியான பிறகும் ஆட்டம் நெடுநேரம் இழுத்தது. இது பெரிய குறை. ஐந்தாம் குளிர்காலத்துக்கு மேல் பயமே இல்லை.

“வேற கேம் ஏத்தட்டுமா மாமா?” என்று போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். மான் குலத்தோடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஆள் எட்டு, விறகு குறைவு. பனிக்கு இன்னும் மூன்று மாதம்.

மணி எட்டேகால். இவள் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை.