மூடியில் மூன்று ஓட்டை

நாங்கள் ஒரு பாம்பைக் கொன்றிருக்கிறோம். அடித்துக் கொல்லவில்லை. வளர்க்கப்போய்க் கொன்றோம்.

ஆண்டு ஏழு படிக்கேக்கை நடந்தது. ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த கிழமை. நெடுந்தீவில் எங்கடை வீட்டுக் கல்வேலிக்குள் இருந்து வந்த சாரைக் குட்டியைப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டோம். மூடியில் ஆணியால் மூன்று ஓட்டை. ஈரம் வேணும் எண்டு கொஞ்சம் தண்ணியும் ஊத்தி யன்னலடியில் வைத்தோம்.

"அதுக்கும் மூச்சு முட்டுமெல்லோ, கொண்டுபோய் விடுங்கோடா" என்று அம்மம்மா சொன்னா. ஓட்டை போட்டாச்சுத்தானே என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் யன்னலால் வெயில் அடிக்குது. போத்தலின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. குட்டி அசையவில்லை. வேலிக்கரையில் தாட்டுவிட்டு வந்தோம். பிறகு ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

போன மாசியில் ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான் வீடியோ கோலில் வந்தான். கடையில் வாங்கி வளர்க்கிற அவனுடைய கோர்ன் ஸ்னேக்கின் சட்டை ஒரே உறையாகக் கழராமல் துண்டு துண்டாக உரிந்திருந்தது. கண்ணிலும் ஒட்டியிருந்தது. பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கிற தெளிந்த செதிலும் சட்டையோடு கழரவேணும். குளிர்காலத்தில் ஹீற்றர் வீட்டுக் காற்றைக் காயவைத்துவிடும். அதற்காக அவன் கூட்டின் வலைமூடியைப் பொலித்தீனால் இறுக்கி மூடி, உள்ளே தண்ணி விசிறியிருந்தான். கண்ணாடி முழுக்க நீர்த்துளி.

"மச்சான், முதல்ல அந்தப் பொலித்தீனைக் கழட்டு."

பிறகு இதைத் தேடித்தேடி வாசித்தோம். எல்லா ஓட்டையும் மேலே இருந்தால் காற்று சரியாக ஓடாது. ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே இருந்தால்தான் சூடான காற்று மேலால் போக, புதுக்காற்று கீழால் வரும். கூடு முழுக்க நனைக்கவும் தேவையில்லை. ஈரப்பாசி போட்ட சின்னப் பெட்டி ஒன்றை மூலையில் வைத்தால் வேண்டிய நேரம் பாம்பே அதற்குள் போகும். கோர்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 வீத ஈரப்பதன் காணும். சட்டை கழட்டும் நாட்களில் கொஞ்சம் கூட. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்படும். காற்றும் ஓடாவிட்டால் நுரையீரலில் நோய் பிடித்து, வாயைத் திறந்து மூச்சு விடத் தொடங்கும்.

இதையெல்லாம் வாசிக்க வாசிக்க எங்கடை கல்வேலிதான் கண்ணுக்குள் வந்தது. சாந்து பூசாமல் பவளக் கற்களை அடுக்கிக் கட்டியது. இடுக்கெல்லாம் காற்று. மேற்கல்லில் வெயில், அடியில் குளிர்ச்சி. எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று பாம்பு தானே பார்த்து இடம் மாறும். அப்படியொரு இடத்திலிருந்து பிடித்துத்தான் போத்தலில் அடைத்தோம். காட்டு உயிரைப் பிடித்து வளர்க்க இங்கே சட்டமும் விடாது. அப்போது எங்களுக்கு அதுவும் தெரியாது.

அடுத்தமுறை மச்சானின் பாம்பு முழுச்சட்டையாகக் கழட்டியது. படம் அனுப்பி, "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டான். வாசித்தது, கல்வேலியைப் பார்த்தது என்று சொன்னோம். போத்தலைச் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறை சொல்கிறோம்.