கொம்பு முன்னால் வரவேண்டும்

யூனிக்ஸில் அச்சிடுவது என்பது வரிசையில் நிற்பதுதான். 'எல்பிஆர்' என்று கட்டளை கொடுத்தவுடன் கோப்பு நேராகப் பிரிண்டருக்குப் போய்விடாது. ஸ்பூல் அடைவில் போய் உட்காரும், ரேஷன் கடை க்யூ மாதிரி. பின்னணியில் ஓடும் எல்பிடி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு அனுப்பும்.

எனக்குப் பிடித்தது நடுவில் இருக்கும் ஃபில்டர். பழைய பெர்க்லி யூனிக்ஸில் பிரிண்ட்கேப் கோப்பில் 'ஐஎஃப்' என்று போட்டு ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால் போதும். உள்ளே வருவதை வாங்கி, பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தள்ளும். யூனிக்ஸ் வரி முடிவில் 'கீழே இறங்கு' என்று மட்டும்தான் சொல்லும். 'இடது ஓரத்துக்குத் திரும்பு' என்பதையும் பல பிரிண்டர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். இல்லையென்றால் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக் காகிதத்தை விட்டே போய்விடும். நாலு வரி ஷெல் நிரலில் இது சரியாகிவிடும்.

தமிழ் அவ்வளவு சுலபம் இல்லை. யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, பிறகுதான் கொம்பு. குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிற ஃபில்டர் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் நட்டுவிடும். தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து அப்படி அச்சிட்டபோது அம்மா கேட்டாள்: "என்னடா இது, எந்த ஊர் பாஷை?"

பிறகு பேப்ஸ் வழியாக அனுப்பினேன். அது பேங்கோ நூலகத்திடம் எழுத்துகளைக் கொடுத்து உருவம் வாங்கிக்கொள்கிறது. கொம்பு முன்னால் வந்தது. அம்மா ஒரே மூச்சில் படித்தாள்.

இன்றைய பிரிண்டர்கள் பலவும் பிடிஎஃப்பை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. ஃபில்டர் எழுதுகிற வேலை குறைந்துகொண்டே வருகிறது. எனக்கென்னவோ கொஞ்சம் வருத்தம்தான்.