பாதி உடல் பச்சை

காரைக்காலில் பிறந்தவனுக்குப் பிரான்ஸ் முழு அந்நியமாகத் தோன்றுவதில்லை. 1954 நவம்பர் வரை எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரன்மாரும் இன்றும் பாரிசைச் சுற்றி வாழ்கிறார்கள். எங்கள் ஊர்க் கோவில்பத்துப் பகுதியிலிருந்து அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஈபில் கோபுரம் ஏறி, லூர்து மாதாவைக் கும்பிட்டு, லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்புவார்கள். என்னுடைய பயணத் திட்டமும் அதுதான். அங்கே உயிரியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் அண்ணன் மகள்தான் அதை மாற்றினாள்.

"கோபுரம் எங்கயும் போயிடாது சித்தப்பா. ஒரு நாள் எங்கூட லேபுக்கு வாங்க. ஒரு உயிர் தொடங்குறதக் காட்டுறேன்."

ஆய்வகத்தின் தொட்டிகளில் இருந்தவை ஆப்பிரிக்க நகத் தவளைகள். நாக்கு கிடையாது, பின்னங்கால் விரல்களில் கறுத்த நகங்கள், வாழ்நாள் முழுக்கத் தண்ணீர். 1930களில் இந்தத் தவளை மருத்துவமனைக்குள் வந்தது. கர்ப்பிணியின் சிறுநீரை அதற்கு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் முட்டையிட்டுவிடும். பெண்களின் கர்ப்பத்தை உறுதிசெய்ய உலகின் பல இடங்களில் சுமார் முப்பது ஆண்டுகள் அதை நம்பினார்கள். வேண்டும்போது முட்டை கிடைக்கும் என்பதால் அப்படியே கருவியல் ஆய்வுக்கும் வந்து சேர்ந்தது.

முதல் நாள் மாலை ஹார்மோன் ஊசி போட்டிருந்த தவளை, காலையில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டிருந்தது. ஒவ்வொன்றும் கடுகளவு. மேல்பாதி கரும்பழுப்பு, கீழ்ப்பாதி வெளிர்மஞ்சள். விந்தணுவைச் சேர்த்த சிறிது நேரத்தில், தாறுமாறாகக் கிடந்தவை ஒவ்வொன்றாகப் புரண்டு கரும்பக்கத்தை மேலே காட்டின. தட்டு முழுவதும் மெல்ல மெல்ல இருண்டது. விந்தணு எந்த இடத்தில் நுழைந்ததோ அதற்கு எதிர்ப்புறம் முதுகாகும் என்றாள். பிறக்கப்போகும் உயிருக்கு முதுகு எது, வயிறு எது என்பது முதல் செல் பிரியும் முன்பே முடிவாகிவிடுகிறது!

ஒன்றரை மணி நேரம் கழித்து உச்சியில் ஒரு கோடு விழுந்தது. மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனமில்லை. கோடு கீழே இறங்கி முட்டையை இரண்டாக்கியது. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு. பன்னிரண்டு முறை இப்படிப் பிரிந்து நாலாயிரம் செல் ஆகும்வரை, கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை; தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட இருப்பை வைத்தே காரியம் நடக்கிறது. அதன்பிறகே அது தன் மரபணுக்களைப் பெருமளவில் வாசிக்கத் தொடங்குகிறது. தாய்த் தவளை இதற்குள் தன் தொட்டிக்குத் திரும்பி எத்தனையோ நேரமாகியிருந்தது. பிள்ளைகளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

அடுத்து இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு நாள் முன்பு, இரண்டு செல்லாக இருந்த கருவில் ஒரு செல்லுக்குள் மட்டும் கண்ணாடி ஊசியால் சில நானோலிட்டர் திரவம் செலுத்தியிருந்தாள். ஒரு மில்லிலிட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வருவது ஒரு நானோலிட்டர். அந்தத் திரவத்தில் இருந்தது, ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிப் புரதத்தைச் செய்வதற்கான ஆணை. அந்தப் புரதத்துக்காக 2008இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீல விளக்கைப் போட்டாள். தட்டில் நெளிந்த தலைப்பிரட்டையின் இடப்பாதி, தலையிலிருந்து வால்வரை, பச்சையாய் ஒளிர்ந்தது. வலப்பாதி இருட்டு. நடுமுதுகில் வகிடெடுத்தது போல ஒரு கோடு. முதல் பிரிவிலேயே பெரும்பாலும் இடமும் வலமும் பிரிந்துவிடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

இதில் அழகு மட்டுமல்ல, பயனும் இருக்கிறது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு பாதியில் மட்டும் அதை முடக்கிவிடலாம். மறுபாதி ஒப்பிடுவதற்காக அதே உடம்பிலேயே இருக்கும்.

இந்த ஒளி சில நாளில் மங்கிவிடும். புது மரபணு ஒவ்வொரு செல்லிலும் நிலைத்து, குஞ்சுகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்றால் வேறு வழி வேண்டும். 1996இல் கிறிஸ்டன் கிரோலும் என்ரிக் அமாயாவும், விந்தணுவின் உட்கருவிலேயே அந்த மரபணுவைச் சேர்த்து முட்டைக்குள் செலுத்தும் முறையைக் கண்டார்கள். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்பரா தெமெனே குழுவினர் இப்படி மரபணு மாற்றிய தவளைக் கருக்களை வேதிப்பொருள்களுக்குச் சாட்சியாக்கினார்கள். தைராய்டு ஹார்மோனின் வேலையில் ஏதாவது குறுக்கிட்டால் குஞ்சின் பச்சை ஒளி கூடும் அல்லது குறையும். 2019 முதல் இது வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட சோதனை முறை. 2017இல் தெமெனே குழுவினர் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. கர்ப்பிணிகளின் பனிக்குட நீரில் காணப்படும் 15 வேதிப்பொருள்களைக் கலந்து, தவளைக் கருக்களை அதில் மூன்று நாள் வைத்தார்கள். மூளை வளர்ச்சி மாறிப்போனது. தலைப்பிரட்டையின் தைராய்டு ஹார்மோனும் நம் பிள்ளைகளின் தைராய்டு ஹார்மோனும் ஒன்றே.

அந்த அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அன்று மாலை நெடுநேரம் நடந்தேன். 1864இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்த ஆக்ஸலாட்டல் என்னும் நீர்வாழ் சாலமண்டர்களில் சில இங்கேதான் வளர்ந்தன. மறு ஆண்டு அவற்றின் குஞ்சுகளில் சில, செவுள் உதிர்ந்து கரையேறும் பிராணிகளாக மாறி, அவற்றை வளர்த்த விலங்கியலாளர் ஒகுஸ்த் துமேரிலைத் திகைக்க வைத்தன. அந்த மாற்றத்துக்கும் தைராய்டே காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது.

உறுத்தலும் இல்லாமல் இல்லை. விந்தணு எடுக்க ஆண் தவளையைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னபோது மனம் கனத்தது. ஆய்வுக்காக வளர்த்த இடத்திலிருந்து தப்பிய நகத் தவளைகள் மேற்குப் பிரான்சின் குளங்களில் பெருகி, அந்த மண்ணின் தவளைகளை நெருக்குகின்றன. தொட்டிக்கு மூடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அது போதும்.

இதெல்லாம் அங்கேதான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். புவனேஸ்வரம் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி, ஒடிசி நடனமும் ஆடியவர், தலைப்பிரட்டையின் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தார். வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன. 1992இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. அவர் எடுத்துக்கொண்டது நம் நாட்டுத் தவளை.

நம் நாட்டுத் தவளைகளைக் கால்களுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்வதை 1987இல் அரசு நிறுத்தியது. வயலில் அடிக்கும் மருந்து நிற்கவில்லை. காரைக்காலில் வேளாண் கல்லூரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வயல்களில் அடிக்கும் மருந்துகளை நம் தவளைகளின் கருக்களில் சோதித்துப் பார்க்கும் வேலையை அவை கையில் எடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஐப்பசி மழையில் வரப்போரம் தவளை முட்டையிடும்போது, பிள்ளைகளை ஒரு பூதக்கண்ணாடியோடு கூட்டிப்போங்கள். முட்டையை எடுத்துவர வேண்டாம், இருந்த இடத்திலேயே குனிந்து பார்க்கட்டும்.